ஏலத்தில் எடுபடாத பன்பாயும் 62 இலட்சம் டொலர் வாழைப்பழமும்



நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். பேசாமல் இருப்பது சரியில்லை என்று பட்டதால் எழுதுகிறேன். யாரையும் தனிப்படக் குத்துவது என் நோக்கமில்லை. பாடசாலையின் பெயரையும் போடவில்லை. ஊருக்குள் இருப்பவர்களுக்கு விளங்கும்.

போன வருடம் நமது பிள்ளைகளின் சித்திரக் கண்காட்சி நடந்தது. கட்டட நிதிக்காகக் கடைசி நாள் பின்னேரம் பிள்ளைகளின் ஆக்கங்களை ஏலம் போட்டார்கள். ஊரில் பெயருள்ள ஒருவரின் பேரப்பிள்ளை வரைந்த சூரியோதயம் 45,000 ரூபாவுக்குப் போனது. எடுத்தவர் அந்தக் குடும்பத்தோடு வியாபாரத் தொடர்பு உள்ளவர். பிள்ளையில் பிழை இல்லை, படமும் நல்ல படம்தான். அடுத்ததாகத் தரம் 9 மாணவி ஒருத்தி பின்னிய சின்னப் பன்பாய் வந்தது. மூத்தம்மாவிடம் பழகி, சாயம் போட்ட பன்னையும் சாயம் போடாத பன்னையும் கலந்து, ஓரம் முழுக்க கட்டம் கட்டமாக வேலை செய்திருந்தாள். ஒரு மாதம் பின்னியிருக்கிறாள்.

"ஆயிரம்" என்று தொடங்கினார்கள். யாரும் கேட்கவில்லை. "ஐந்நூறு" என்றார்கள். அதற்கும் ஆளில்லை. மைக் பிடித்திருந்தவர், "பாய் சந்தையில இதவிட மலிவா எடுக்கலாம்" என்று பகிடி விட்டார். சபை சிரித்தது. பிள்ளை பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நானும் அங்கேதான் இருந்தேன். நானும் வாய் திறக்கவில்லை. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த வருடம் தரம் 10க்குப் பாடம் தெரிவு செய்யும்போது அவள் சித்திரத்தை எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "அது எடுபடாது சேர்" என்றாள். பதினான்கு வயதுப் பிள்ளை. அந்தச் சொல்லை அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நாம்தான் படிப்பித்தோம்.

இப்போது அதே ஏலத்தை இன்னும் பெரிதாகச் செய்யப் போவதாக வட்ஸ்அப் குழுமத்தில் தகவல் வந்திருக்கிறது. கம்பனிகளின் அனுசரணையாம். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு லோகோவாம். ஏலத்தில் கூடிய விலைக்குப் போகும் படங்களைக் கோப்பையிலும் டீசேர்ட்டிலும் அடித்து விற்பார்களாம். இது தேவையா என்று கேட்டதற்கு ஒரு சகோதரர் பதில் போட்டார்: "உலகம் பூரா இப்படித்தான் சேர். இன்றைக்கு ஆர்ட் என்றால் மார்க்கெட்."

அவர் சொன்னது உண்மை. அந்த உலகத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பார்த்த பிறகும் அது நமக்கு வேண்டுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

2019 டிசம்பரில் அமெரிக்காவின் மியாமியில் ஆர்ட் பேசல் என்ற பெரிய கலைச் சந்தை நடந்தது. அங்கே மௌரிசியோ கத்தெலான் என்ற இத்தாலியக் கலைஞர் ஒரு வாழைப்பழத்தை டேப்பால் சுவரில் ஒட்டி வைத்தார். பெயர் 'கொமேடியன்'. விற்பனைக்கு மூன்று பிரதிகள். முதல் இரண்டும் தலா 120,000 டொலருக்குப் போயின. வாங்கியவருக்குக் கிடைப்பது ஒரு சான்றிதழும், பழத்தை எப்படி ஒட்ட வேண்டும் என்ற அறிவுறுத்தலும். பழம் அழுகிவிடுமே, அதை அவரே கடையில் வாங்கி மாற்றிக்கொள்ள வேண்டும்.

2024 நவம்பரில் அதில் ஒரு பிரதி நியூயோர்க்கில் சொத்பீஸ் ஏலத்துக்கு வந்தது. 62 இலட்சம் டொலருக்குப் போனது. எடுத்தவர் ஜஸ்டின் சன் என்ற கிரிப்டோ நாணய வியாபாரி. சில நாட்களில் ஹொங்கொங்கில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, அவர்கள் முன்னாலேயே பழத்தை உரித்துச் சாப்பிட்டார். ஏலத்தன்று சுவரில் இருந்த பழம் பக்கத்துத் தெருவோரக் கடையில் 35 சதத்துக்கு வாங்கியது. விற்றவர் வங்காளதேசத்திலிருந்து போய் அங்கே கூலிக்கு நின்ற ஒருவர். தன் கையால் கொடுத்த பழத்துக்கு என்ன நடந்தது என்று பத்திரிகையாளர் சொன்னபோது அந்த மனிதர் அழுதுவிட்டார்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் காசுக்கு அந்தக் கடையில் ஒரு கோடியே எழுபது இலட்சத்துக்கும் மேல் வாழைப்பழம் வாங்கலாம்.

கலைச் சந்தையைக் கேலி செய்யத்தான் கத்தெலான் அப்படிச் செய்தார் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் கேலிக்கு ஆளானவர்கள் கோபப்படவில்லை. காசைக் கொடுத்து அந்தக் கேலியையே வாங்கிக்கொண்டார்கள்.

இது பைத்தியம் என்று சொல்லிவிட்டுக் கடந்து போவது லேசு. வரலாறு படிப்பிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது பைத்தியம் இல்லை. இதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் மேர்க்கன்டிலிசம் என்பார்கள், தமிழில் வணிகவாதம். 16ஆம் நூற்றாண்டிலிருந்து 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பிய அரசுகளை நடத்திய கொள்கை அது. அதன் சாரம் மூன்று விடயங்கள். ஒன்று, செல்வம் என்பது களஞ்சியத்தில் குவித்து வைத்திருக்கும் பொன்னும் வெள்ளியும். இரண்டு, அதைச் சேர்க்க வேண்டுமென்றால் நாம் குறைவாக வாங்கி, அடுத்தவனைக் கூடுதலாக வாங்க வைக்க வேண்டும். மூன்று, விலை விழாமல் இருக்க வேண்டுமென்றால் சரக்கு முழுவதும் நம் பிடியில் இருக்க வேண்டும்.

இந்தக் கொள்கை நமக்குப் புதிதில்லை. நம் கறுவாவில் நடந்தது அதுதான். 1602இல் தொடங்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1656இல் கொழும்பைப் பிடித்தது. கறுவா முழுவதும் கம்பனியின் சொத்து என்றார்கள். அனுமதியில்லாமல் உரித்தாலும் விற்றாலும் மரண தண்டனை வரை போகும் குற்றம். உரிக்கிறவன் கட்டாய வேலை செய்தான். இந்தக் கரையில் நெடுங்காலம் வியாபாரம் செய்த நம் முன்னோர்களுக்குப் போர்த்துக்கேயர் காலத்தில் விரட்டல், ஒல்லாந்தர் காலத்தில் கட்டுப்பாடு. 1626இல் போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் கிழக்கில் குடியேற்றியதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கிறோம். ஏன் துரத்தினார்கள் என்று கேட்டால், சமயப் பகையோடு வியாபாரப் போட்டியும் சேர்ந்திருந்தது.

மிச்சமாகிப் போன சரக்கை அந்தக் கம்பனி என்ன செய்தது தெரியுமா? விலை விழக்கூடாது என்பதற்காக அம்ஸ்டர்டாமில் வாசனைத் திரவியங்களை மூட்டை மூட்டையாக எரித்தது. மொலுக்குத் தீவுகளில் தன் பிடிக்கு வெளியே நின்ற கராம்பு மரங்களைத் தேடித் தேடி வெட்டியது. சாப்பிட முடியும், மருந்துக்கு உதவும், இன்னொருவன் வாங்கிப் பயன்பெறுவான். அதெல்லாம் கணக்கில் இல்லை. கணக்கில் இருந்தது விலை மட்டும்.

இப்போது 2022 ஒக்டோபருக்கு வாருங்கள். இடம் லண்டன். டேமியன் ஹேர்ஸ்ட் என்ற பிரித்தானியக் கலைஞர் தன்னுடைய சொந்தக் காட்சிக்கூடத்தில் தன்னுடைய ஓவியங்களை ஒவ்வொன்றாக நெருப்பில் போட்டார். வண்ணப் புள்ளிகள் வைத்த 10,000 ஓவியங்களை அவர் செய்திருந்தார். 2021இல் தலா 2,000 டொலருக்கு விற்பனைக்கு விட்டார். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் தெரிவு செய்ய வேண்டும்: கடதாசியில் உள்ள ஓவியம் வேண்டுமா, அதற்குரிய என்.எஃப்.டி என்ற டிஜிட்டல் பத்திரம் வேண்டுமா? இரண்டையும் வைத்திருக்க முடியாது. 5,149 ஆக்கங்களுக்குத் தெரிவு ஓவியம். 4,851 ஆக்கங்களுக்குப் பத்திரம் போதும் என்றார்கள். அந்த 4,851 ஓவியங்களும் நெருப்புக்குப் போயின. இந்த முழு வேலைக்கும் அவர் வைத்த பெயர் 'தி கரன்சி', அதாவது நாணயம். பெயரிலாவது ஒளிவு மறைவு இல்லை.

அம்ஸ்டர்டாமில் எரிந்த கறுவாவுக்கும் லண்டனில் எரிந்த ஓவியத்துக்கும் இடையில் 250 வருடத்துக்கும் மேல். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு இடத்திலும் பொருள் சாம்பலானது, விலை பத்திரமாக இருந்தது.

கலை இந்த வலையில் விழுந்தது இன்று நேற்றல்ல. பிரான்சில் 14ஆம் லூயி மன்னனின் நிதி அமைச்சர் கோல்பேர், வணிகவாதத்தின் பெரிய கை. 1662இல் அவர் பாரிஸில் கோப்லன் என்ற நெசவுச் சாலையை அரசுக்கு வாங்கி, அரண்மனை ஓவியர் ல ப்ரனை அதன் தலைவராகப் போட்டார். 1665இல் கண்ணாடித் தொழிற்சாலை. வெனிஸ் நகரத்திடம் கண்ணாடி வாங்கிக் காசு வெளியே போகக்கூடாது, பிரான்சின் ஆடம்பரத்தை உலகம் வாங்க வேண்டும் என்பது திட்டம். வேர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது ஒரு மண்டபம் மாத்திரமல்ல, வெளிநாட்டுத் தூதுவர்களுக்குக் காட்டும் கடைக் கண்ணாடியும்கூட.

இன்றைக்கும் அதே பாரிஸ்தான். குச்சி கைப்பைகளுக்குச் சொந்தமான குழுமத்தைக் கட்டிய பிரான்சுவா பினோவின் குடும்பத்திடம்தான் 1998 முதல் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனமும் இருக்கிறது. அவருடைய கலைச் சேகரிப்பை மக்களுக்குக் காட்டும் அரும்பொருளகம் 2021இல் பாரிஸில் திறந்தது. எந்தக் கட்டடத்தில்? ஒரு காலத்தில் தானியச் சந்தையாகவும் பிறகு பண்ட வணிகப் பரிவர்த்தனை நிலையமாகவும் இருந்த கட்டடத்தில். கைப்பை விற்பவர், ஏலம் போடுபவர், சேகரிப்பவர், எது பெரிய கலை என்று மக்களுக்குக் காட்டுபவர், எல்லாம் ஒரே வீட்டு ஆட்கள். சட்டப்படி இதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் சரக்கும் சந்தையும் தராசும் ஒரே கையில் இருந்தால் நம் ஊர்ச் சந்தையில் அதற்கு என்ன பெயர் சொல்வோம்?

வாங்கிய ஓவியங்கள் எங்கே போகின்றன? பெரும் பணக்காரர்கள் வாங்கும் எத்தனையோ ஓவியங்கள் சுவருக்குப் போவதில்லை. ஜெனீவாவில் வரியில்லாக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. முன்பு தானியமும் வேறு சரக்கும் வைத்த இடம். இப்போது பல இலட்சம் கலைப்பொருட்கள் பெட்டிக்குள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் வரை இறக்குமதி வரி இல்லை. அங்கேயே கை மாறும், அறை மாறும், பெட்டி திறக்காமலே விலை ஏறும். வரைந்தவன் யாருக்காக வரைந்தானோ அவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

நம் மார்க்கம் பதுக்கலைத் தடுக்கிறது. இஹ்திகார் பற்றிய சட்டம் உணவு போன்ற அவசியப் பொருட்களைப் பற்றியது, ஓவியத்தைப் பற்றியதல்ல என்று ஆலிம்கள் சொல்லலாம். சரி. நான் பத்வா கொடுக்க வரவில்லை. நான் சொல்வது குணத்தைப் பற்றி. விலை ஏறும் வரை பொருளை இருட்டில் வைத்திருக்கும் குணம் ஒன்றேதான், உள்ளே இருப்பது அரிசியானாலும் ஓவியமானாலும்.

இதில் நுகர்வுவாதம் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். வணிகவாதி சேர்த்து வைப்பவன், நுகர்வோன் செலவழிப்பவன், இரண்டும் எதிரெதிர் அல்லவா? மேலே எழுதிய இரண்டாவது விடயத்தை மறுபடி பாருங்கள். நாம் குறைவாக வாங்கி, அடுத்தவனைக் கூடுதலாக வாங்க வைப்பது. சேர்ப்பவனுக்கு வாங்குகிறவன் கட்டாயம் வேண்டும். அவன் வேறு இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வேறு இடம் நாம்.

எப்படி என்று சொல்கிறேன். 2003இல் லூயி வுய்ட்டன் கம்பனி ஜப்பானியக் கலைஞர் தக்காஷி முரகாமியோடு சேர்ந்து வண்ண வண்ணக் கைப்பைகளை விட்டது. 2007இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தற்காலக் கலை அரும்பொருளகத்தில் முரகாமியின் கண்காட்சி. அந்தக் கண்காட்சிக்கு உள்ளேயே லூயி வுய்ட்டன் கடை ஒன்று, உண்மையாகவே பை விற்கும் கடை, கண்காட்சியின் ஒரு பகுதியாகத் திறந்து வைக்கப்பட்டது. 2017இல் அதே கம்பனி ஜெஃப் கூன்ஸ் என்ற கலைஞரை வைத்து மோனாலிசாவைக் கைப்பையில் அடித்து விற்றது. ஏலத்தில் ஏறும் விலை கலைஞனின் பெயரைப் பெரிதாக்கும். பெரிதான பெயர் பையை விற்கும். பை பரவப் பரவ பெயர் இன்னும் பெரிதாகும், களஞ்சியத்தில் பெட்டிக்குள் இருக்கும் ஓவியத்தின் விலை இன்னும் ஏறும். ஓவியம் ஒருவனுக்கு, அதன் நிழல் மற்ற எல்லோருக்கும். நிழலுக்கும் காசு.

இதை எதிர்க்க முயன்றவர்கள் இல்லையா? இருந்தார்கள். பேங்க்ஸி என்ற பெயரில் முகம் காட்டாமல் சுவரில் வரையும் பிரித்தானியக் கலைஞர் ஒருவர். 2018 ஒக்டோபரில் லண்டன் சொத்பீஸில் அவருடைய பலூன் சிறுமிப் படம் 10 இலட்சம் ஸ்டேர்லிங் பவுணுக்கு ஏலம் போனது. சுத்தியல் விழுந்ததும் சட்டகத்துக்குள் அவர் முன்பே ஒளித்து வைத்த இயந்திரம் இயங்கி, படம் பாதி வரை கீற்றுக் கீற்றாகக் கிழிந்தது. சந்தைக்குச் சரியான அடி என்று உலகமே கை தட்டியது. மூன்று வருடம் கழித்து, 2021இல், அந்தக் கிழிந்த படம் அதே சொத்பீஸில் மறுபடி ஏலத்துக்கு வந்தது. போன விலை ஒரு கோடியே 85 இலட்சம் பவுண். கிழித்ததால் விலை குறையவில்லை, பதினேழு மடங்குக்கு மேல் ஏறியது. எதிர்ப்பும் ஒரு சரக்காகிவிட்டது.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். பாரிஸையும் லண்டனையும் திட்டுவதற்குத் தைரியம் தேவையில்லை.

நம் வீடுகளின் முன் அறையைப் பாருங்கள். குர்ஆன் வசனங்கள் மாட்டியிருக்கிறோம். பெரும்பாலும் எங்கோ ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் அடித்தது. தங்க நிற பிளாஸ்டிக் சட்டகம். வாங்கும்போது என்ன பார்த்தோம்? சோபாவின் நிறத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தோம். எழுத்தைச் சரியாகப் படித்துப் பார்த்தவர் எத்தனை பேர்? வீட்டுக்குக் குடிபூரும் அன்று வந்தவர்கள் "எவ்வளவுக்கு எடுத்தீங்க?" என்று கேட்பார்கள் என்பதற்காக மாட்டிய வசனத்துக்கும், 62 இலட்சம் டொலர் வாழைப்பழத்துக்கும் நடுவில் உள்ள தூரம் நாம் நினைக்கிற அளவு பெரிதில்லை. அரபு எழுத்தைக் கையால் அழகாக எழுதும் இளைஞர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் கலியாண அழைப்பிதழுக்கு எழுதிக் கேட்போம், "சும்மா எழுதித் தாங்க தம்பி" என்போம்.

மருதமுனைக் கைத்தறிச் சாரனுக்கு நெய்தவரிடமே நூறு ரூபா குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவோம். அதே நாள் கொழும்புக் கடையில் பிராண்ட் பெயர் போட்ட சட்டைக்கு ஒட்டியிருக்கும் விலையைப் பேசாமல் கொடுப்போம். ஆளைப் பார்த்தால் பேரம், லேபலைப் பார்த்தால் மரியாதை.

குழுமத்தில் வந்த பதில்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

"நாம் வியாபாரச் சமூகம், சேர் வியாபாரத்தைக் குறை சொல்கிறார்" என்று ஒருவர். இல்லை சகோதரரே. வியாபாரம் ஹலால். என் வாப்பாவும் கடை வைத்துத்தான் என்னைப் படிப்பித்தார். வியாபாரி பொருளைத் தேவையுள்ளவன் கையில் சேர்க்கிறான், அதற்கு இலாபம் எடுக்கிறான். வணிகவாதி பொருளை யார் கைக்கும் போகாமல் மறித்து வைத்து இலாபம் எடுக்கிறான். ஒல்லாந்தக் கம்பனி வந்ததால் முதலில் அடிபட்டதே நம் வியாபாரிகள்தான்.

"கலைஞன் சாப்பிட வேண்டாமா?" என்று இன்னொருவர். கட்டாயம் சாப்பிட வேண்டும். ஆனால் ஏலம் அவனுக்குச் சாப்பாடு போடுகிறதா என்று பாருங்கள். அமெரிக்கக் கலைஞர் ரொபேர்ட் ரோஷன்பேர்க் 1958இல் ஓர் ஓவியத்தை 900 டொலருக்கு விற்றார். வாங்கிய ரொபேர்ட் ஸ்கல் என்பவர் அதை 1973இல் நியூயோர்க் ஏலத்தில் 85,000 டொலருக்கு விற்றார். வரைந்தவருக்கு அதிலிருந்து ஒரு சதமும் இல்லை. ரோஷன்பேர்க் அங்கேயே போய் ஸ்கல்லோடு வாக்குவாதப்பட்டார். ஐரோப்பாவில் மறுவிற்பனையில் கலைஞனுக்குச் சிறு பங்கு கொடுக்கச் சட்டம் இருக்கிறது. உலகின் மிகப் பெரிய கலைச் சந்தையான அமெரிக்காவில் நாடு தழுவிய அப்படி ஒரு சட்டம் இன்றும் இல்லை. நம் ஏலத்திலும் 45,000 ரூபாவில் பிள்ளைக்கு ஒரு வண்ணப் பெட்டியாவது வாங்கிக் கொடுத்தோமா?

"சித்திரமே தேவையா, நேரத்தை வீணாக்குகிறார்கள்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பன் பின்னுவதும், தறியில் பூ எடுப்பதும், எழுத்தணியும் நம் கைகளில் இருந்த கலைகள். உருவப் படம் பற்றி உங்களுக்கு ஒரு கருத்து இருந்தால் அதை மதிக்கிறேன். பாய்க்கும் அதே கருத்தா?

"அப்படியென்றால் கட்டட நிதிக்கு என்ன வழி?" இதுதான் நியாயமான கேள்வி. நிதி வேண்டும். கூரை ஒழுகுவதை மாரியில் நானும் பார்க்கிறேன். அதனால் என் யோசனைகளைத் தெளிவாக எழுதுகிறேன்.

ஒன்று: பிள்ளைகளின் ஆக்கங்களை ஏலம் போடாதீர்கள். 45,000 கொடுக்கக்கூடியவர் படத்தை எடுக்காமலே 45,000 கொடுக்கலாம். அல்லாஹ்வுக்காகக் கொடுப்பதற்கு ஒரு பிள்ளையின் படத்தைச் சாட்டாக வைக்கத் தேவையில்லை. உணவுக் கடை போடலாம், வாசலில் நிதிப் பெட்டி வைக்கலாம்.

இரண்டு: அனுசரணை தரும் கம்பனிகளின் பெயரை வாசலில் ஒரு பலகையில் நன்றியோடு போடுங்கள். பிள்ளையின் படத்தின் கீழ் பிள்ளையின் பெயர் மாத்திரம் இருக்கட்டும்.

மூன்று: ஒவ்வொரு பிள்ளையும் தன் ஆக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் நிற்கட்டும். வருகிறவர்கள் எப்படிச் செய்தாய் என்று கேட்கட்டும். பக்கத்தில் ஒரு கொப்பி வைப்போம். பார்த்தவர் தான் கண்டதை இரண்டு வரி எழுதிவிட்டுப் போகட்டும். "சுப்பர்" என்று மட்டும் எழுதாமல்.

நான்கு: கோப்பை, டீசேர்ட் யோசனையைக் கைவிடுங்கள். எந்தப் பிள்ளையின் படம் கோப்பைக்குப் போகும் என்பதே அடுத்த வருடம் பிள்ளைகள் வரைவதைத் தீர்மானிக்கும். எல்லோரும் சூரியோதயம் வரைவார்கள்.

ஐந்து: பன்பாய் பின்னும் தாய்மார் இரண்டு மூன்று பேரைக் கண்காட்சிக்கு அழைப்போம். அன்றைய கூலியைக் கொடுத்து அழைப்போம். பிள்ளைகள் முன்னால் இருந்து பின்னட்டும். நம் பிள்ளைகளில் பலருக்குப் பன் என்றால் என்ன என்றே தெரியாது.

கடைசியாக ஒன்று. அந்தப் பாய் என்ன ஆனது என்று பிள்ளையின் உம்மாவிடம் விசாரித்தேன். மூத்தம்மா அதில்தான் தொழுகிறாராம். வீட்டில் வேறு நல்ல முஸல்லா இருந்தும் அதைத்தான் விரிக்கச் சொல்கிறாராம். ஒரு மாதம் பின்னிய கைக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை அந்த வீட்டில் கிடைத்துவிட்டது. சபையில் நாம் கொடுக்காததை இனியாவது கொடுப்போம்.

வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை அபிவிருத்திக் குழுவின் கூட்டம். பெற்றோர்கள் எல்லோரும் வரலாம். என்னோடு உடன்படாதவர்கள் கட்டாயம் வாருங்கள். வட்ஸ்அப்பில் இமோஜி போடுவதை விட நேரில் பேசுவது நல்லது. போன வருடம் வாய் மூடி இருந்தேன். இந்த முறை பேசுவேன், இன்ஷா அல்லாஹ்.

எழுதியதில் யாருடைய மனமாவது நோகும்படி ஏதும் இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். தகவலில் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறேன். கருத்தில் பிழை என்றால் கூட்டத்துக்கு வந்து சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.